வெங்கச்சாங்கல்லும் விண்ணக நகரும்

கல் என்னும் சொல்லை நம் மக்கள் அன்போடு வழங்குவது அரிது. இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் சமைத்தவரை முறைக்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டு நிலம் 'வெறும் கல்லுக்காடு' என்று தெரிந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் வட்டாரத்து உழவருக்கோ கல் தலைமுறை தலைமுறையாக வந்த பகை. கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு பாறையைப் பிளந்து, ஆழ ஆழக் கிணறு வெட்டி, ஊற்றுக் கண்ணைத் தேடியவர்கள் இவர்கள். வெட்டியெடுத்த கல்லைக் கிணற்று மேட்டில் குவித்துவிட்டுப் பிறகு அதைத் திரும்பியும் பாராதவர்கள்.

அந்தக் கிணற்று மேடுகளில்தான் நானும் என் மூத்த மகளும் கடந்த பத்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளைக் கழித்து வருகிறோம். காலையில் திருப்பலி, பகலில் உறவினர் வீடு, வெயில் தாழ்ந்ததும் ஒரு சுத்தியல், ஒரு சாக்குப்பை, ஒரு பாட்டில் தண்ணீர். பங்கில் எங்களுக்குக் 'கல் பொறுக்கும் குடும்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தப் பெண், 'நான் நிலவியல் படிக்கப் போகிறேன்' என்று சொன்ன நாள் முதல், பொழுதுபோக்காக இருந்தது குடும்ப வழக்காக மாறிவிட்டது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கல் சேகரிப்பதற்குப் பணம் வேண்டியதில்லை என்பதே இதன் முதற்சிறப்பு. தபால்தலை சேகரிப்பவன் வெளிநாட்டு உறவினரை எதிர்பார்க்க வேண்டும். நாணயம் சேகரிப்பவன் கடைக்காரரிடம் ஏமாற வேண்டும். கல் சேகரிப்பவனுக்குக் கொங்கு நாடு முழுவதும் திறந்த களஞ்சியம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். 'எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கும் இடம் காலியாகும்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

முதலில் அகப்படுவது வெங்கச்சாங்கல். வெள்ளைவெளேரென்று, உடைத்த இடம் கண்ணாடி போல் மின்னும். சிறுவர்கள் இருட்டில் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி காட்டுவார்களே, அதுதான். நூல்களில் இதற்குக் குவார்ட்சு என்று பெயர். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். அதனோடு ஒட்டிக்கொண்டு, இளஞ்சிவப்பாகவோ வெளிர்மஞ்சளாகவோ, தட்டினால் படி படியாகப் பிளக்கும் கல் ஃபெல்ஸ்பார். இடையிடையே ஏடு ஏடாக உரிவது காக்காப்பொன். இம்மூன்றையும் அடையாளம் கண்டுகொண்டவர் நம் வட்டாரத்துப் பாறைகளில் பெரும்பாலானவற்றின் எழுத்துக்கூட்டலைக் கற்றுவிட்டார் என்றே சொல்லலாம். நம் வீட்டு அடித்தளத்திலும் கோயில் படிகளிலும் கிடக்கும் நீலச்சாயல் படிந்த கருங்கல்லில் இவற்றோடு வேறு சில கனிமங்களும் உண்டு. அந்தப் பாறைக்கு சார்னோக்கைட்டு என்று பெயர். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தா நகருக்கு அடிகோலியவராகக் கருதப்பட்ட ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் அங்குள்ள புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல் வங்காளத்துக் கல் அன்று. நம் பல்லாவரத்துக் கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் இதைக் கண்டு, 1893இல் அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்தை அடுத்த பரங்கிமலையும் அதே பாறைதான். திருத்தூதர் தோமா குருதி சிந்தியதாக நாம் மரபுவழி போற்றும் மலையின் கல்லும், பெருந்துறையில் என் வீட்டு வாசற்படியும் ஒரே இனம் என்று மகள் முதன்முதலில் படித்துச் சொன்னபோது, அந்தப் படியில் செருப்பை விடவே என் மனைவிக்குத் தயக்கமாகிவிட்டது.

கல்லை இனங்காணக் கருவி தேவையில்லை. ஃபிரீட்ரிக் மோஸ் என்னும் ஜெர்மானியர் 1812இல் வகுத்த கடினவரிசை ஒன்றே போதும். மிக மெதுவானது மாக்கல், எண் 1. சேலத்துக் கல்சட்டியும், நாம் சிலேட்டில் எழுதிய பலப்பமும் இதன் உறவு. எண் 3 கால்சைட்டு, 6 ஃபெல்ஸ்பார், 7 வெங்கச்சாங்கல், 9 குருந்தம், 10 வைரம். நகத்தின் கடினம் ஏறக்குறைய இரண்டரை. பேனாக்கத்தியும் கண்ணாடித் துண்டும் ஐந்தரை. ஒரு கல் கண்ணாடியைக் கீறுகிறதா, கத்தி அதைக் கீறுகிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அடுத்து, மெருகில்லாத ஓட்டின் முதுகில் தேய்த்து அதன் பொடி என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். கறுப்பாகத் தோன்றும் இரும்புக் கல் சில சமயம் செம்பழுப்புக் கோடு இழுக்கும், அது ஹேமடைட்டு. கறுப்புக் கோடு இழுத்து, காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் மேக்னடைட்டு. சுக்கான்கல்லின் மேல் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைக்கும். இத்தனையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்யக்கூடியவை.

என் மகள் விரும்புவது எடைச் சோதனையை. கல்லை நூலில் கட்டி வில்தராசில் தொங்கவிட்டு ஒருமுறை, தண்ணீரில் மூழ்கவிட்டு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். குறைந்த எடையால் முதல் எடையை வகுத்தால் அது தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்று தெரியும். வெங்கச்சாங்கல்லுக்கு 2.65 வரும். குருந்தத்துக்கு ஏறத்தாழ 4. சிவன்மலைப் பக்கத்து ஒரு தோட்டத்தில், கிணற்று மேட்டில் கிடைத்த பழுப்பு நிறக் கல்லொன்று 3.9 காட்டிய மாலை அவள் இரவு உணவை மறந்துவிட்டாள். அது குருந்தம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அந்தப் பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. சாணைக்கல்லில் அரக்கோடு சேர்த்துப் பிடித்த பொடி அதுவே. நிறமும் தெளிவும் கூடிவந்தால் அதுவே மாணிக்கம், அதுவே நீலம். நமக்குக் கிடைத்தது மூடிய கதவு போன்ற பழுப்புத் துண்டு. அதனால் என்ன?

சிவன்மலையின் பாறையைப் பற்றி ஹாலண்ட் 1901இல் தனி ஏடே எழுதி வெளியிட்டார். அங்குள்ள சயனைட்டுப் பாறையில் நெஃபலின் என்ற கனிமம் இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் வெங்கச்சாங்கல் இராது. பாறை உருகிய குழம்பாக இருந்தபோது சிலிக்காவுக்குப் பஞ்சம். ஆகவே மிஞ்சிய அலுமினா தனித்து நின்று குருந்தமாயிற்று. ஒன்றின் குறையே மற்றொன்றின் பிறப்புக்கு வழி. (மலையின் மேல் முருகன் கோயில் உள்ளது. பிற சமயத்தார் வழிபடும் மலையில் நாங்கள் ஒரு கல்லையும் எடுப்பதில்லை. அடிவாரத் தோட்டங்களோடு சரி.)

காங்கேயத்தை அடுத்த படியூர் இன்னும் புகழ் பெற்றது. அங்கே நிலத்தடியில் கொடிபோல் ஓடும் பெக்மடைட்டுப் பாறையில் பெரில் என்ற கல் விளைகிறது. கடல்நீரின் நிறம், ஆறு பட்டைகளோடு பென்சில்போல் நீண்டிருக்கும். 1819-20ஆம் ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் வெட்டி, 2,000க்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார் என்று பழைய பதிவுகள் கூறுகின்றன. ஆனால் அது மிகப் பிற்பட்ட கதை. அதற்கு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரிச் செல்வர் இந்தக் கல்லுக்காகப் பொன்னை அள்ளி இறைத்திருக்கிறார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட பிளினி, பெரில் கல் இந்தியாவில்தான் விளைகிறது, வேறிடத்தில் அரிது என்று எழுதிவைத்தார். இந்தியர் அதைத் துளையிட்டு யானை மயிரில் கோத்து அணிவதையும் அவர் அறிந்திருந்தார். பளிங்குக்கு நிறமேற்றிப் பெரில் என்று விற்கும் இந்தியரின் கைத்திறத்தையும் குறித்திருக்கிறார். அதை நாம் பெருமையாகக் கொள்வதா, வெட்கமாகக் கொள்வதா, தெரியவில்லை!

பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம், நம் பெருந்துறை வட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல்தான் என்பது அறிஞர் முடிவு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்தபோது, பெரில், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம் ஆகியவற்றாலான மணிகளும், பாதி தீட்டியவையும், துளையிடும்போது உடைந்தவையும், வெட்டிய சில்லுகளும் வெளிப்பட்டன. அது வெறும் சந்தையாக இராமல் பட்டறையாக இருந்திருக்கிறது என்பதற்கு அந்த உடைந்த மணிகளே சாட்சி. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும், இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன.

அங்கே போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொடுமணல் நிலத்தில் மழைக்குப் பின் நடந்தால் பிள்ளையின் கண்ணில் ஒரு மணி பட்டாலும் படும். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட விடாதீர்கள். தோட்டத்துக் கிணற்று மேட்டுக் கல் வேறு. மனிதக் கை பட்ட மணி வேறு. கல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று கல்லே சொல்லும். மணியோ எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதோடு சேர்ந்தால்தான் பேசும். பிடுங்கி எடுத்தால் ஊமையாகிவிடும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; நம் முன்னோரின் கல்லறையில் கை வைக்கிறோம் என்ற எண்ணமாவது வேண்டாமா?

இப்போது என் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். எண்பதைக் கடந்தவர், செபமாலையை விட்டுக் கை விலகாதவர். ஒருநாள் மாலை, பெட்டியில் கல்லை அடுக்கிக்கொண்டிருந்த பேத்தி, 'அமுச்சி, இந்தப் பக்கத்துப் பாறையில சிலதுக்கு வயசு இருநூற்றைம்பது கோடி வருசமாம்' என்றாள். கிழவி செபமாலையை நிறுத்தினார்.

'ஏஞ்சாமி, ஆண்டவரு ஆறு நாள்ல எல்லாம் படைச்சாருன்னு படிச்சமே. நீ கோடிங்கறே. அப்ப வேதம் பொய்யா கண்ணு?'

வீடு அமைதியாகிவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தார். இந்தப் பொழுதுபோக்கால் பெண்ணின் விசுவாசம் போய்விடுமோ என்ற அச்சம் அந்தப் பார்வையில் இருந்தது. அது எளிதில் ஒதுக்கக்கூடிய அச்சம் அன்று. பிள்ளைகள் அறிவியல் ஒன்று, ஞானோபதேசம் ஒன்று என்று இரண்டு பெட்டிகளில் போட்டுக்கொண்டு, வளர்ந்ததும் இரண்டாவது பெட்டியைத் திறக்காமலே விட்டுவிடுவதை நாம் எத்தனை வீடுகளில் காண்கிறோம்!

பேத்திதான் விடை சொன்னாள். பாறைக்குள் சிர்க்கான் என்று மணலினும் சிறிய மணிகள் உண்டு. அவற்றுள் பிறக்கும்போதே சிறிது யுரேனியம் சிறைப்பட்டுவிடும். அது குறித்த வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். பாதி மாற 447 கோடி ஆண்டு ஆகும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும் என்று, மெழுகுவர்த்தி உருகுவதை உவமை காட்டிச் சொன்னாள். அமுச்சி கவனமாகக் கேட்டார். 'அது செரி. போப்பாண்டவர் என்ன சொல்றாரு?' என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் பங்குத் தந்தையிடம் போனேன். அவர் தந்த விடை என்னையே வியக்கவைத்தது. 1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தம் அறிவியல் கழகத்தார் முன் ஆற்றிய உரையில், இதே யுரேனியத்தையும் ஈயத்தையும் எடுத்துக்காட்டி, பூமியின் கனிமங்களுக்கு நூறு நூறு கோடி ஆண்டு வயது இருப்பதை யாதொரு தயக்கமும் இன்றிக் கூறியிருக்கிறார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விவிலியத்தைப் படிப்போர் ஒவ்வொரு நூலும் எந்த இலக்கிய வகையைச் சேர்ந்தது என்று பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று கற்பித்தது. தொடக்க நூல் படைத்தவர் யார், ஏன் என்பதைச் சொல்ல வந்தது. கிணற்று மேட்டுக் கல்லுக்குச் சாதகம் எழுத வரவில்லை. இதைக் கேட்டு வந்து சொன்னதும் அமுச்சி, 'அவங்களே சொன்னாச் செரி' என்று செபமாலையைத் தொடர்ந்தார். அவருக்கு முழுத் திருப்தி ஏற்பட்டதா என்று என்னால் கூற முடியாது. ஆனால் மறுநாள் முதல், பெட்டிக்குத் தூசி துடைப்பவர் அவராகிவிட்டார்.

பங்குத் தந்தை இன்னொரு பெயரையும் சொல்லி அனுப்பினார்: நிக்கோலஸ் ஸ்டேனோ. டென்மார்க்கில் 1638இல் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். உடற்கூறு மருத்துவர், நம் கன்னத்தில் உமிழ்நீர் கொண்டுவரும் குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். இத்தாலியில் லிவோர்னோ நகரில் நற்கருணைப் பவனியைக் கண்டு உள்ளம் கலங்கி, 1667இல் கத்தோலிக்கரானார். 1669இல் அவர் வெளியிட்ட சிறு நூலில்தான், கீழ்ப்படிவு முந்தியது, மேற்படிவு பிந்தியது என்ற நிலவியலின் அரிச்சுவடி இருக்கிறது. பளிங்குகள் பருத்தாலும் சிறுத்தாலும் கோணினாலும், ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறாது என்பதையும் அவரே கண்டார். நாங்கள் காம்பசுப் பெட்டியின் பாகைமானியை வைத்துச் சென்னிமலைப் பக்கத்துப் பளிங்கு ஒன்றை அளந்தோம்: பக்கத்துக்குப் பக்கம் 120 பாகை. பத்துப் பளிங்கை அளந்தோம், எல்லாம் 120. ஃபிளாரன்சு நகரத்தில் ஸ்டேனோ கண்ட சட்டத்துக்குப் பெருந்துறைத் தோட்டமும் கீழ்ப்படிகிறது. பின்னர் அவர் 1675இல் குருவாகி, 1677இல் ஆயரானார். ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகத் தம் ஆயர் மோதிரத்தையே விற்றவர். 1686இல் வறுமையில் இறந்த அவரைத் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1988 அக்டோபர் 23 அன்று முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

சென்னிமலை நெசவாளர் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்பும் பெயர் வேறு. ரெனே ஜுஸ்ட் ஹாய், 1743இல் ஃபிரான்சில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்து குருவானவர். நண்பர் ஒருவரின் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கால்சைட்டுப் பளிங்கு ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. மற்றவராயின் மன்னிப்புக் கேட்டு நழுவியிருப்பார். அவர் குனிந்து துண்டுகளைப் பார்த்தார். எல்லாத் துண்டும் ஒரே சாய்சதுர வடிவம்! வீட்டுக்குப் போய்த் தம் சேகரிப்பிலிருந்த கற்களைத் தாமே உடைத்துப் பார்த்தார். பளிங்கு என்பது ஒரே வடிவான சிறு சிறு கட்டிகள் செங்கல்போல் அடுக்கப்பட்டு எழுந்தது என்ற கருத்து அன்று பிறந்தது; பளிங்கியல் என்னும் துறைக்கு அவரையே தந்தை என்கிறார்கள். 1792இல் புரட்சிக்காரர் அவரைச் சிறையில் அடைத்தபோது, இளம் அறிஞர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் முயன்று விடுவித்தார். சில நாட்களில் பாரிஸ் சிறைகளில் குருக்கள் பலர் கொல்லப்பட்டனர். அவர் தம்பி வாலண்டைன், பார்வையற்ற பிள்ளைகளுக்கெனப் பாரிஸில் பள்ளி தொடங்கியவர். பிற்காலத்தில் லூயி பிரெயில் படித்தது அங்கேதான். ஒரு நெசவாளி வீட்டுத் தறியடியில் இப்படி இருவர்!

திருவெளிப்பாடு நூலின் 21ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேமின் மதிலுக்குப் பன்னிரண்டு அடித்தளக் கற்கள் சொல்லப்படுகின்றன. நான் ஆண்டுக்கணக்கில் வாசித்துக் கடந்துபோன பட்டியல். மகள் அதை ஒரு தாளில் எழுதி, எதிரே கனிமப் பெயரை எழுதினாள். ஜாஸ்பர், கால்சிடொனி, கோமேதக வகை ஓனிக்ஸ், சூதுபவளம், கிரிசோபிரேஸ், செவ்வந்திக்கல் — இந்த ஆறும் வேதியியல்படி வெங்கச்சாங்கல் குடும்பம். சிலிக்காவே, நிறம் வேறு, அமைப்பு நுணுக்கம் வேறு. மரகதமும் பெரிலும் ஒரே கனிமம்; குரோமியம் கலந்தால் ஒன்று, இரும்பு கலந்தால் மற்றொன்று. ஆயர்கள் மோதிரத்தில் பதிக்கும் செவ்வந்திக்கல்லும், நாம் வரப்போரத்தில் காலால் எற்றும் வெங்கச்சாங்கல்லும் பொருளால் ஒன்றே; சிறிது இரும்பும், பாறையின் கதிரியக்கமும் சேர்ந்து ஊதா ஏற்றியிருக்கின்றன. விண்ணக நகரின் அடித்தளத்தில் பாதி, எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியவர்கள் வேண்டாமென்று வீசிய கல்லின் இனம்.

எட்டாம் அடித்தளம் பெரில். முதல் நூற்றாண்டின் இறுதியில், பாத்மு தீவில் அந்தக் காட்சியைக் கண்ட யோவான் எங்கேனும் ஒரு பெரில் கல்லைக் கண்ணால் பார்த்திருந்தால், அது நம் கொங்கு மண்ணிலிருந்து முசிறித் துறை வழியாகக் கப்பலேறிய கல்லாக இருந்திருக்கக் கூடும். உறுதியாகச் சொல்ல இயலாதுதான். இருந்தாலும் அந்த அதிகாரம் வாசகமாக வரும் நாளில் எங்கள் வீட்டு வரிசையில் முழங்கை ஒன்று மற்றொரு முழங்கையை இடிக்காமல் இருப்பதில்லை.

கற்களைப் பற்றிப் பேசினால் ராசிக்கல்லைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நம் மக்களிலும் சிலர் ஒரு கையில் செபமாலையும் மறு கையில் சனிக்குரிய நீலக்கல் மோதிரமுமாகத் திரிகிறார்கள். நீலக்கல் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். சிறிது இரும்பும் டைட்டானியமும் அதற்கு நிறம். 1902இல் வெர்னூய் என்ற ஃபிரெஞ்சு வேதியியலர் அறிவித்த முறையில் உலையில் உருக்கியே குருந்தக் கற்களை வார்க்கிறார்கள். அந்த மோதிரக் கல் மலையில் பிறந்ததா, உலையில் பிறந்ததா என்றே பலருக்குத் தெரியாது. சனிபகவானுக்கு மட்டும் எப்படித் தெரியும்? கல்லை நேசிப்பவன் கல்லுக்கு அஞ்ச மாட்டான் என்பது என் துணிபு.

அஞ்ச வேண்டியது கல்லின் தூசிக்கு. வெங்கச்சாங்கல்லை உலர்ந்தபடி உடைத்துப் பொடியாக்கினால் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, வெளியேறாமல், தழும்பு தழும்பாக இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்னும் அந்த நோய் தீராது. காசநோய்க்கும் கதவு திறந்துவிடும். நுரையீரல் நோயாளருக்கென்று சானடோரியம் எழுந்த ஊர் எங்களுடையது. இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தும், பழைய மக்கள் நாவில் அது சானடோரியமே. கல் உடைக்கும் ஆலைகளில் முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் நிற்கும் ஆண்களையும் பெண்களையும் நாங்கள் போகும் வழியில் பார்க்கிறோம். மகள் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி, தண்ணீர் தெளித்து உடைத்தால் தூசி அடங்கும் என்று ஓர் அம்மாளிடம் சொன்னாள். 'தண்ணிக்கு எங்கம்மா போறது?' என்றார் அவர். அதற்கு எங்களிடம் விடை இல்லை. நாங்கள் எடுத்துச் செல்லும் பாட்டில் குடிப்பதற்கு மட்டுமன்று; சுத்தியல் விழுமுன் கல்லை நனைப்பதற்கும்தான். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி, காலுக்கு மூடிய செருப்பு. கைவிட்ட கல்குழிகளில் நீர் நின்றால் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். கல்லைப் புரட்டுமுன் கோலால் தட்டுங்கள், அடியில் தேள் குடியிருக்கும்.

கிணற்று மேடுகளும் குறைந்து வருகின்றன. ஆழ்துளைக் கிணறு வந்தபின் வெளியே வருவது பொடி மட்டுமே. பழைய மேடுகள் ஜல்லியாகவும் சாலைக்கு நிரவலாகவும் போய்விடுகின்றன. ஆகவே எங்கள் பேரேட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் எண், தேதி, தோட்டம், எத்தனை அடி ஆழத்துக் கிணறு என்பதைக் குறிக்கிறோம். இடம் எழுதாத கல் அழகுப் பொருள். இடம் எழுதிய கல் ஆவணம். இதுவரை 412 எண்கள். இவற்றில் ஒன்றுகூட நூறு ரூபாய்க்கு விலைபோகாது.

நிலவியல் படிப்பு என்ற பேச்சு எழுந்தபோது குடும்பத்தில் யாருமே ஒப்பவில்லை. தாய்மாமன் நேரே வந்து, 'மாப்ள, நர்சிங் சேத்துங்க, பணம் நான் கட்டறேன். பொட்டப்புள்ள மலை மலையா அலைஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க?' என்றார். அவர் அக்கறையில் சொன்னது. அதை நான் குறைகூற மாட்டேன். பெண் எதிர்த்துப் பேசவில்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மாமன் கையில் வைத்தாள். வெண்மையும் கருமையும் கலந்த அனார்த்தசைட்டு. நிலவின் மேட்டு நிலம் இந்த இனப் பாறை என்பதால், நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அந்த ஊர்ப் பக்கத்துக் கல்லை அரைத்து நிலவு மண்போல் ஆக்கி, அதன் மேல்தான் சந்திரயான் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்த்தார்கள் என்றாள். 2023 ஆகஸ்டு 23 மாலை தொலைக்காட்சி முன் கைதட்டியவர்களில் மாமனும் ஒருவர். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இத ஒரு பொண்ணு படிக்க முடியுமா?' என்று கேட்டார். 'படிச்சிட்டிருக்காங்க மாமா' என்றாள். அவர் உடனே சம்மதம் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில், விடுதி எந்தப் பக்கம், சகோதரிகள் நடத்துவது ஏதேனும் அருகில் உண்டா என்று விசாரித்தார்.

இந்த ஆண்டு அவள் சேர்ந்துவிட்டாள். ஞாயிறு மாலைகளில் என்னோடு இப்போது வருபவன் ஏழாம் வகுப்புப் படிக்கும் இளையவன். அவனுக்குக் கல்லைவிடச் சுத்தியலில்தான் நாட்டம். சென்ற வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அமுச்சி கோலூன்றிப் போய், குழாய் வாயில் வந்த சாம்பல் நிறப் பொடியை ஒரு மருந்துப் புட்டியில் நிரப்பிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

'ஐந்நூத்தம்பது அடியில வந்துதாம். நம்பர் போட்டு வைங்க. புள்ள லீவுக்கு வந்தா வயசு சொல்லுவா.'

எண் 413 என்று எழுதி ஒட்டினேன்.